டிராயிங் டேப்லெட்: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினியோடு இணைத்துப் பேனாவால் வரைவதற்கான டேப்லெட்டை முதன்முறையாக வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்பட்டுள்ளன. திரையில்லாத சாதாரண டேப்லெட்டை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தொடக்கத்தில் பலர் கையில் இருப்பதும், முதல் வாரத்திலேயே அவர்களை மனம் தளர வைப்பதும் அந்த வகைதான். தமக்கு வரைய வராது என்று அவர்கள் முடிவு கட்டிவிடும் அந்த நேரத்தில், பெரும்பாலும் சரிசெய்யாமல் விட்ட இரண்டு மூன்று அமைப்புகள்தாம் குறுக்கே நிற்கின்றன.

டிராயிங் டேப்லெட்டும் ஐபேட் போன்ற டேப்லெட்டும் ஒன்றா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. கடைகளில் கிடைப்பவை மூன்று வகை. முதல் வகை, வெறும் பரப்பை மட்டும் கொண்ட ஒரு பலகை. அதன்மேல் பேனாவை நகர்த்தினால் கணினித் திரையில் கர்சர் நகரும், படமும் அங்கேதான் தோன்றும். இரண்டாம் வகையில் பலகையே திரையாகவும் இருக்கும். பேனா படும் இடத்திலேயே கோடு தெரியும், ஆனாலும் அது கணினியோடு இணைந்தால்தான் பயன்படும். மூன்றாவது, ஐபேட் போலத் தானே ஒரு கணினியாக இருப்பது. அதற்குரிய பேனாவும் வரைவதற்கான செயலியும் இருந்தால் எங்கும் எடுத்துச் சென்று வரையலாம்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர் குறைந்த செலவில் தொடங்க முதல் வகையே ஏற்றது. சில மாடல்களை ஆண்ட்ராய்டு கைபேசியோடும் இணைக்கலாம். எல்லாக் கைபேசிகளும் ஒத்துழைப்பதில்லை என்பதால், தயாரிப்பாளர் தரும் பட்டியலில் தங்கள் கைபேசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

பேனாவில் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது?

பலகையின் பரப்புக்கு அடியில் கம்பிகளின் வலை ஒன்று விரிந்திருக்கிறது. அது மெல்லிய மின்காந்தப் புலத்தை விட்டுவிட்டு எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் அந்தப் புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று ஒத்ததிர்ந்து, ஒரு சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகின்றன. எந்தக் கம்பிகளில் அது வலுவாகப் பதிகிறது என்பதைக் கொண்டு பேனாவின் இடத்தையும், நிப்பை அழுத்தும்போது அந்தச் சமிக்ஞையில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அழுத்தத்தையும் பலகை கணக்கிடுகிறது. மின்காந்த ஒத்ததிர்வு எனப்படும் இந்த முறையை ஓவியர்களிடையே பரவலாக்கியது, 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம். இன்று ஹியூயான், எக்ஸ்பி-பென் முதலிய நிறுவனங்களும் பேட்டரியில்லாப் பேனாக்களைத் தருகின்றன. பலகையில் எழுதுவதைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் யோசனை இவற்றுக்கெல்லாம் முந்தையது. 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் வெளிக்கொணர்ந்த டேப்லெட்டில், அங்குலத்துக்கு 100 கம்பிகள் வீதம் பதித்த வலையின்மேல் கம்பியுள்ள ஒரு பேனாவால் எழுதினார்கள்.

வரைபவர் இதிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது, பலகை பேனாவைத் தொடாமலேயே உணரும் என்பதுதான். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பேனாவைப் பிடித்து நகர்த்தினாலே கர்சர் நகரும். பரப்பைத் தொட்டால் அது மவுஸின் இடது பொத்தானை அழுத்தியதற்குச் சமம். இதை அறியாதவர்கள் பேனாவைப் பலகையில் தேய்த்துக்கொண்டே கர்சரைத் தேடுவார்கள். தேடிய பாதையெல்லாம் திரையில் கோடாக விழுந்திருக்கும். பலகைக்கு அடியில் காந்தமோ பெரிய உலோகத் தகடோ இருந்தால் கர்சர் துள்ளக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

எந்த அளவு டேப்லெட் வாங்குவது?

24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். வரையும் பரப்பு 15 சென்டிமீட்டர் அகலமே உள்ள சிறிய டேப்லெட்டில் உங்கள் கை 1 சென்டிமீட்டர் நகர்ந்தால், திரையில் கர்சர் மூன்றரை சென்டிமீட்டர் ஓடும். கையின் நடுக்கமும் அதே கணக்கில் பெருகும். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள நடுத்தர அளவில் இந்தப் பெருக்கம் இரண்டு மடங்கு அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே மேசையில் இடமும் கையில் பணமும் இருந்தால் நடுத்தர அளவை வாங்குவதே என் பரிந்துரை. மடிக்கணினியின் 14 அங்குலத் திரையில் மட்டும் வரையப்போகிறீர்கள் என்றால் சிறியதே போதும். அந்தத் திரையே சிறியது என்பதால் பெருக்கமும் குறைவு. மிகப் பெரிய பலகையை முதலிலேயே வாங்க வேண்டாம். அது விசைப்பலகைக்கு இடமில்லாமல் செய்துவிடும். கடைசியில் அதன் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

8192 அழுத்த நிலைகள், 16384 அழுத்த நிலைகள் என்று விளம்பரங்கள் சொல்கின்றனவே, எது வேண்டும்?

இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நிலைகள் என்பவை, மிக மெல்லிய தொடுகைக்கும் முழு அழுத்தத்துக்கும் இடையே பேனா எத்தனை படிகளைப் பிரித்தறிகிறது என்பதைச் சொல்கின்றன. 1024, 2048, 4096 என்று இரட்டிப்பாகவே அவை வளர்ந்து வந்திருக்கின்றன. ஆனால் சாதாரண 8-பிட் படத்தில் ஒரு நிறத்தின் செறிவுக்கு இருப்பதே 256 படிகள்தாம். 40 பிக்சல் அகலமுள்ள பிரஷ்ஷில், அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிப்பதையும் மெலிவதையும் காட்ட 2048 நிலைகளே தாராளம்.

விளம்பரத்தில் அவ்வளவாக வராத இன்னொரு அளவுதான் கையில் உணரப்படுவது. பேனா எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பதே அது. நல்ல பேனாவில், பேனாவின் எடையை மட்டும் பரப்பின்மேல் சாய்த்து இழுத்தாலே மயிரிழைபோல ஒரு கோடு விழும். சுமாரான பேனாவில் கொஞ்சம் அழுத்திய பிறகே திடீரென்று கோடு தோன்றும். வாய்ப்புக் கிடைத்தால் இதைச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள்.

டிரைவரை நிறுவுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

டேப்லெட்டைக் கணினி புரிந்துகொள்ள உதவும் மென்பொருளே டிரைவர். பெட்டியோடு வருவதைவிட, தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் புதிய டிரைவரே நல்லது. அதற்கு முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதன் டிரைவரை முழுவதும் நீக்கிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். இரண்டு டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். மேக் கணினியில் தனியுரிமை அமைப்புகளுக்குள் சென்று டிரைவருக்கு உரிய அனுமதிகளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கர்சர் அசையாமலோ, அசைந்தும் கோடு விழாமலோ போகலாம். லினக்ஸில் பல மாடல்கள் தனி டிரைவர் இல்லாமலேயே இயங்கும். இயங்காதவற்றுக்கு ஓபன்டேப்லெட்டிரைவர் என்னும் இலவச மென்பொருள் கைகொடுக்கும்.

கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். இதற்குப் பழக முடியுமா?

முடியும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடுகிறது. அதற்குள் சலித்துப்போய்ப் பெட்டிக்குள் திருப்பி வைப்பவர்களுக்குத்தான் பழகுவதே இல்லை. மவுஸைப் பிடிக்கும்போதும் நாம் கையைப் பார்ப்பதில்லை. ஆனால் மவுஸை எங்கே தூக்கி வைத்தாலும் கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். டேப்லெட்டில் அப்படியில்லை, பலகையின் இடது மேல் மூலை என்பது எப்போதும் திரையின் இடது மேல் மூலைதான். பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு நிலையான இடம் உண்டு. மனத்தில் பதிய வேண்டியது இந்த வரைபடம்தான். அது பதிந்த பிறகு கையைப் பற்றிய நினைப்பே வராது. டிரைவரில் மவுஸ் முறை, பேனா முறை என்று இரண்டு இருக்கும். முதல் நாள் எளிதாகத் தோன்றும் என்பதற்காக மவுஸ் முறைக்கு மாற்றிவிடாதீர்கள். அது இந்த வரைபடம் பதிவதையே தடுத்துவிடும்.

வரைவதைத் தள்ளிவைத்து, முதல் மூன்று நான்கு நாள்களுக்குக் கணினியில் செய்யும் எல்லா வேலைகளையும் பேனாவாலேயே செய்து பாருங்கள். மவுஸைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவது இன்னும் நல்லது. கோப்புகளைத் திறப்பது, சிறிய மூடு பொத்தானைக் குறிபார்த்துத் தொடுவது, பக்கத்தைக் கீழே இழுப்பது ஆகிய ஒவ்வொன்றும் குறிபார்க்கும் பயிற்சிதான். டேப்லெட்டைத் திரைக்கு நேராக, அதன் விளிம்பும் திரையின் விளிம்பும் இணையாக இருக்கும்படி வையுங்கள். பலகை பத்துப் பாகை திரும்பியிருந்தால், நீங்கள் கிடையாக இழுக்கும் கோடு திரையில் பத்துப் பாகை சரிந்துதான் விழும். கை பிழை செய்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள், பிழை பலகை இருக்கும் நிலையில் இருக்கும்.

அதற்கடுத்து எழுதிப் பாருங்கள். வரைவதைவிட எழுதுவது நல்ல சோதனை. எழுத்தின் வடிவம் கைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், திரையில் தெரியும் கோணல் எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள கணக்குப் பிழையே. நான் பழகியபோது ஒரு பக்கம் முழுவதும் 'ழ' எழுதினேன். மேலிருந்து இறங்கும் கோடும், வளைந்து ஏறும் பகுதியும் முதல் நாளிலேயே ஓரளவு வந்துவிட்டன. கீழே சுழித்து முடியும் கால்தான் ஒவ்வொரு முறையும் எழுத்தைவிட்டு விலகி எங்கோ தொங்கியது. பேனாவை எடுத்து மறுபடி வைக்கும் இடங்களிலும், திசை சட்டென்று மாறும் இடங்களிலும்தான் கை தடுமாறும் என்பதை அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்தது. சுமார் பத்து நாள்களில் கால் எழுத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது.

வட்டம் வரைந்தால் முட்டை வடிவமாக வருகிறது. ஏன்?

பாட்டில் மூடி ஒன்றைப் பலகையின்மேல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிப் பேனாவைச் சுற்றுங்கள். திரையிலும் வட்டம் வந்தால் குறை கையில். நீண்டோ தட்டையாகவோ வந்தால் குறை அமைப்பில். பலகையின் அகல உயர விகிதமும் திரையின் விகிதமும் வேறுபட்டால் இப்படி நேரும். திரை 16:9 ஆகவும் பலகை 16:10 ஆகவும் இருப்பது மிகச் சாதாரணம். டிரைவரில் விகிதத்தைப் பேணும் தேர்வு ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பலகையின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை பயன்படாமல் போகும், ஆனால் வட்டம் வட்டமாகவே வரும். இந்தச் சோதனையை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். தவறான விகிதத்தில் ஒரு மாதம் பழகிய கையைத் திருத்துவது, புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம்.

இரண்டு திரைகள் வைத்திருக்கிறேன்.

பலகையை ஒரே ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து விட்டால் கிடைத்திசையில் எல்லாம் இரண்டு மடங்கு இழுபடும். மற்றத் திரைக்குத் தாவுவதற்குப் பேனாவின் பொத்தான் ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாம்.

கோடுகள் ஏன் நடுங்குகின்றன?

பல காரணங்கள் ஒன்றுசேர்வதால்தான். எல்லாருக்கும் பொதுவான காரணம், மணிக்கட்டை மட்டும் அசைத்து நீளமான கோட்டை மெதுவாக இழுப்பது. மணிக்கட்டு ஒரு கீல் போன்றது. அதைச் சுற்றி வரும் கோடு இயல்பாகவே வில்லாக வளையும், அதை நேராக்க முயலும்போது நடுக்கம் வந்துவிடும். குறுகிய கோடுகளுக்கு விரலும் மணிக்கட்டும் போதும். அதைவிட நீண்டவற்றை முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் இழுக்க வேண்டும். பேனாவைப் பரப்புக்குச் சற்று மேலே வைத்து, தொடாமலே இரண்டு மூன்று முறை அதே பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நான்காவது ஓட்டத்தில் கையை இறக்கிக் கோட்டை ஒரே வீச்சில் முடியுங்கள். முதலில் இலக்குத் தவறும். தவறினாலும் கோடு நேராக இருக்கும், இலக்கு நாளடைவில் வந்து சேரும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. படத்தைச் சுருக்கி 25 விழுக்காட்டில் பார்த்துக்கொண்டு வரைந்தால், திரையின் ஒரு பிக்சல் என்பது படத்தில் நான்கு பிக்சல்களுக்குச் சமம். திரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நடுக்கம் படத்தில் நான்கு மடங்காகப் பதிந்துவிடும். பிறகு பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடு ரம்பம்போலத் தெரியும். முழுப் படத்தின் அமைப்பைச் சுருக்கிய காட்சியில் வரையுங்கள். இறுதிக் கோடுகளை 100 விழுக்காட்டுக்கு அருகில் வைத்துப் போடுங்கள்.

இவற்றுக்குப் பிறகுதான் மென்பொருளில் உள்ள நிலைப்படுத்தி. கிரீட்டா என்னும் ஓவிய மென்பொருளில் பிரஷ்ஷுக்கான தேர்வுகளுக்குள்ளும், கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், போட்டோஷாப் ஆகியவற்றில் வேறு பெயர்களிலும் அது இருக்கும். கர்சரைச் சிறிது பின்தங்க வைத்துக் கோட்டைச் சீராக்கும். மிக அதிகமாக வைத்தால் கோடு கையைவிட்டுப் பின்னால் நடந்து வரும். வளைவுகளின் கூர்மையும் மழுங்கிப்போகும். சிறிய அளவில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழில்முறையில் வரைபவர்களும் வைத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வருகிறது. பேனா பழுதா?

அப்படி முடிவு செய்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். டிரைவரைத் திறந்தால் அழுத்தத்தைச் சோதிக்கும் ஒரு பெட்டி இருக்கும். அங்கே அழுத்தத்தின் அளவு ஏறி இறங்கினால் பேனா நன்றாகவே இருக்கிறது. அடுத்து, விண்டோஸ் கணினியில் பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று விண்டோஸ் இங்க், மற்றொன்று பழைய வின்டேப். டிரைவர் ஒரு வழியில் அனுப்ப, மென்பொருள் மற்ற வழியில் காத்திருந்தால் அழுத்தம் வந்து சேராது. இன்றைய போட்டோஷாப், தனியாக மாற்றாதவரை விண்டோஸ் இங்க்கையே எதிர்பார்க்கும். கிரீட்டாவில் டேப்லெட்டுக்கான அமைப்புப் பக்கத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுத்தபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூன்றாவதாக, எடுத்திருக்கும் பிரஷ்ஷில் அழுத்தம் எதையாவது கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். அழுத்தத்தையே கண்டுகொள்ளாத பிரஷ்களும் இருக்கின்றன.

இந்த மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு மாலை முழுவதும் நான் டிரைவரை நீக்குவதும் நிறுவுவதும், யூஎஸ்பி கம்பியை மாற்றுவதுமாக இருந்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குத்தான், முந்தைய நாள் தட்டையான நிறம் பூசுவதற்காக எடுத்த பிரஷ்ஷையே இன்னும் வைத்திருப்பது கண்ணில் பட்டது.

பேனாவை ஒரே இடத்தில் சிறிது நேரம் வைத்தால் ஒரு வளையம் தோன்றி, வலது கிளிக் ஆகிவிடுகிறது.

அது விண்டோஸின் அழுத்திப் பிடிக்கும் வசதி. கன்ட்ரோல் பேனலில் பேனாவுக்கும் தொடுகைக்கும் உரிய பகுதியில் அதை அணைத்துவிடுங்கள்.

அழுத்த வளைவு என்பது என்ன? அதை மாற்ற வேண்டுமா?

கை கொடுக்கும் அழுத்தத்தை மென்பொருள் எவ்வளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் கோடு அது. டிரைவரில் மென்மை, கடினம் என்று ஒரு சறுக்குப் பொத்தானாகவோ, இழுத்து வளைக்கக்கூடிய வரைகோடாகவோ இருக்கும். வரைந்து முடித்ததும் விரல்கள் வலிக்கின்றன, பலகையில் தடம் விழுகிறது என்றால் மென்மையான பக்கம் நகர்த்துங்கள். லேசாகத் தொட்டாலே கோடு தடித்துவிடுகிறது என்றால் கடினமான பக்கம் நகர்த்துங்கள். சரிபார்க்க ஒரே கோட்டில் மெலிவாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும் வடிவத்தைப் பத்து முறை போடுங்கள். நடுப்பகுதிக்கு வலிந்து அழுத்த வேண்டியிராமல், முனைகள் வெட்டியதுபோல் நிற்காமல் வந்தால் வளைவு உங்கள் கைக்குப் பொருந்திவிட்டது. பொருந்தியபின் அதைத் தொடாதீர்கள். நாளுக்கொரு வளைவில் வரைபவரின் கை எந்த அளவுக்கும் பழகுவதில்லை.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

கிரீட்டா. இலவசமானது, ஓவியம் வரைவதற்கென்றே உருவானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. காமிக்ஸ் வரைவதே நோக்கம் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டுக்குச் செலவழிப்பது தகும். லோகோ, எழுத்துரு போன்ற, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் வேலைகளுக்கு இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் மூன்று மாதங்களுக்கு அதிலேயே இருங்கள். ஒவ்வொரு மென்பொருளிலும் குறுக்குவழி விசைகள் வேறு, பிரஷ்ஷின் குணம் வேறு. ஐந்நூறு பிரஷ்களைப் பதிவிறக்கி அடுக்குவதும் அதே வகைக் கவனச் சிதறல்தான். அழுத்தத்துக்குத் தடிக்கும் கடின முனைப் பிரஷ் ஒன்றும், பென்சில் போன்ற ஒன்றும், மென்மையான விளிம்புள்ள ஒன்றும் போதும்.

புதிய கோப்பைத் திறக்கும்போது என்ன அளவு கொடுப்பது?

ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட வேண்டுமென்றால் 2480 × 3508 பிக்சல். திரையில் மட்டும் பார்க்கப்போகும் பயிற்சிப் படங்களுக்கு நீளமான பக்கம் 2000 பிக்சல் இருந்தால் போதும். தேவைக்குமேல் பெரிதாக வைத்தால் பிரஷ் பின்தங்கும்; அந்தத் தாமதத்தை டேப்லெட்டின் குறையாக எண்ணி மாற்ற நினைப்பவர்களும் உண்டு.

லேயர்களைத் தொடக்கத்திலேயே கற்க வேண்டுமா?

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போன்றவை லேயர்கள். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: அடியில் தோராயமான பென்சில் கோடுகள், அதற்குமேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே இறுதிக் கோடுகள். நிறம் பூசத் தொடங்கியதும் பென்சில் லேயரை மறைத்துவிடலாம். கோட்டு லேயரில் தவறுதலாக நிறம் பூசிவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. அதைப் பூட்டி வைக்கப் பழகுங்கள்.

செய்ததை ரத்துசெய்யும் கன்ட்ரோல் இசட் விசைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கோட்டை முப்பது முறை அழித்து அழித்துப் போடுவது டேப்லெட்டில் மட்டும் வரக்கூடிய நோய். பயிற்சிப் பக்கங்களிலாவது அந்த விசைகளைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறிய கோட்டின் பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போட்டால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறோம் என்பது கண்முன்னே நிற்கும்.

வரையும்போது இன்னொரு கை என்ன செய்ய வேண்டும்?

விசைப்பலகையின்மேலேயே இருக்க வேண்டும். கிரீட்டாவில் ஸ்பேஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பேனாவை இழுத்தால் படம் நகரும். ஷிஃப்டைப் பிடித்து இழுத்தால் பிரஷ்ஷின் அளவு மாறும். கன்ட்ரோலைப் பிடித்துத் தொட்டால் அந்த இடத்தின் நிறம் பேனாவுக்கு வந்துவிடும். 4, 6 ஆகிய எண்விசைகள் படத்தை இருபுறமும் சுழற்றும், 5 அதை நேராக்கும். காகிதத்தைக் கைக்கு வசதியாகத் திருப்பிக்கொள்வதுபோல, டேப்லெட்டில் படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பலகையைத் திருப்பக் கூடாது. எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிக் காட்டும். முகம் வரைபவர்கள் அரைமணிக்கொரு முறை அதை அழுத்திப் பார்த்தால், ஒரு கண் மேலேறியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

பேனாவில் உள்ள இரண்டு பொத்தான்களில் ஒன்றை வலது கிளிக்குக்கும் மற்றொன்றைப் படத்தை நகர்த்துவதற்கும் வைத்தால் போதும். வரையும்போது பெருவிரல் அதில் தவறிப் படுகிறதென்றால், கூச்சமில்லாமல் அணைத்துவிடுங்கள்.

நிப் தேய்கிறது. எப்போது மாற்றுவது?

முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிய நிப்பின் முனை உருண்டையாக இருக்கும். நாம் பேனாவை எப்போதும் ஒரே சாய்வில் பிடிப்பதால், அது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சீவிய உளிபோலத் தட்டையாகும். தட்டைப் பகுதியின் ஓரத்தை நகத்தால் வருடினால் கூர்மை தட்டுப்படும். அந்த ஓரம்தான் பலகையைக் கீறும். தட்டுப்பட்ட அன்றே மாற்றிவிடுங்கள். நிப் மலிவானது, கீறல் விழுந்த பரப்பு திரும்பி வராது. பெட்டிக்குள் மாற்று நிப்களும், அவற்றைக் கழற்றும் சிறு வளையமோ இடுக்கியோ வழக்கமாக இருக்கும். பரப்பு வழுக்குகிறது என்று ஒரு வெள்ளைத் தாளை மேலே ஒட்டி வரைபவர்கள் இருக்கிறார்கள். பலகை தாளுக்கு மேலிருந்தும் பேனாவை உணரும், கைக்கும் பென்சில் பிடித்த உணர்வு கிடைக்கும், ஆனால் நிப் வேகமாகத் தேயும்.

இரண்டு விரல் கையுறை தேவையா?

மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மட்டும் மூடும் அந்தக் கையுறை, திரையில்லாத டேப்லெட்டில் கட்டாயமில்லை. கை வியர்த்து ஒட்டுகிறதென்றால் போட்டுக்கொள்ளலாம்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்ன செய்வது?

டிரைவரில் இடக்கை முறையைத் தேர்ந்தெடுத்து, பலகையை 180 பாகை திருப்பி வைத்தால் பொத்தான்கள் மறுபக்கம் வந்துவிடும். மற்றதெல்லாம் ஒன்றேதான்.

வரைந்தபின் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கின்றன.

பேனாவை இறுக்கிப் பிடிப்பதும், தேவைக்குமேல் அழுத்துவதும்தான் மணிக்கட்டு வலிக்கு வழக்கமான காரணங்கள். அழுத்த வளைவை மென்மையாக்குவது இதற்கும் உதவும். முழங்கை மேசையின்மேல் தாங்கலாக இருக்கட்டும், தோள் உயராதிருக்கட்டும். அரைமணிக்கொரு முறை பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடங்கள். ஓய்வெடுத்தும் வலி நீடித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தைப் பொறுத்தவரை திரையில்லாத டேப்லெட்டுக்கு ஒரு நன்மை உண்டு: பார்வை நேரே திரையில் இருப்பதால் குனிய வேண்டியதே இல்லை. குனிந்திருக்கிறீர்கள் என்றால், இன்னும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

திரையுள்ள டேப்லெட்டுக்கு எப்போது மாறலாம்?

கோட்டின்மேல் கோடு பொருத்தி மைபூசும் வேலை நாள்தோறும் இருந்து, திரையில்லாததில் அதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்றால் மாறலாம். திரையுள்ளது வாங்கினால் ஓவியம் தானே மேம்படும் என்ற எண்ணத்தில் மாற வேண்டாம்; நிறம் பூசுவதிலும் புகைப்படத்தைத் திருத்துவதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வாங்கும்போது கண்ணாடிக்கும் திரைப்படலத்துக்கும் இடையே காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்ட மாடலையே தேர்ந்தெடுங்கள். இடைவெளி இருந்தால் நிப்பின் முனைக்கும் கோடு விழும் இடத்துக்கும் நடுவே சிறு விலகல் தெரியும். திரையின் ஓரங்களில் அது இன்னும் கூடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வழக்கமாக வரையும் நிலையில் அமர்ந்து, பலகையை அதே சாய்வில் நிறுத்தி, டிரைவர் காட்டும் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அளவு சரிசெய்யுங்கள். தாங்கியின் சாய்வை மாற்றினால் கண் பார்க்கும் கோணமும் மாறும் என்பதால், அப்போதும் இதை மறுபடி செய்ய வேண்டும்.